வீடு ஒரு மாநிலத்தில், வாசம் இன்னொரு மாநிலத்தில்: அமெரிக்க மாநில வருமான வரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு டாலஸுக்கு வேலை மாறியவர்கள், கலிஃபோர்னியாவில் இருந்துகொண்டு விலை குறைவு என்று வட கரோலினாவில் வீடு வாங்கியவர்கள், வேலை எல்லாம் முடித்து சென்னைக்கே திரும்பியும் அமெரிக்க வீட்டை விற்காதவர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. வேறு ஆண்டு குறிப்பிடாத இடங்களில் விகிதங்களும் வரம்புகளும் 2025 வரி ஆண்டுக்கானவை.

வேறு மாநிலத்தில் வீடு இருந்தாலே அந்த மாநிலத்தில் வருமான வரி ரிட்டர்ன் போட வேண்டுமா?

வேண்டாம். வீடு வைத்திருப்பதற்குச் சொத்து வரி உண்டு. அதைக் கவுன்டியோ நகராட்சியோ வசூலிக்கும், நீங்கள் எங்கே குடியிருந்தாலும் கட்டியாக வேண்டும். வருமான வரி வேறு கணக்கு. வீடு பூட்டிக் கிடந்தாலோ, விடுமுறைக்குப் போய்த் தங்கிவிட்டு வந்தாலோ, பெற்றோரையோ உறவினரையோ வாடகை வாங்காமல் தங்க வைத்திருந்தாலோ அங்கே உங்களுக்கு வருமானம் எதுவும் இல்லை.

அந்த மாநிலம் உங்களிடம் ரிட்டர்ன் கேட்பது மூன்று சூழல்களில்: வீட்டுக்கு வாடகை வந்தால், வீட்டை விற்றால், அல்லது நீங்களே அங்கே அதிக நாள் தங்கி ரெசிடென்ட் (வரிக்கணக்கில் அந்த மாநிலத்தவர்) ஆகிவிட்டால். மூன்றாவதுதான் யாரும் எதிர்பாராமல் வந்து மாட்டுவது. அதற்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

வாடகைக்கு விட்டிருக்கிறேன். எங்கே என்ன ஃபைல் செய்வது?

வாடகை வருமானம் வீடு இருக்கும் மாநிலத்துக்குச் சொந்தமானது. நீங்கள் குடியிருக்கும் மாநிலமும் உங்கள் மொத்த வருமானத்துக்கும் வரி போடும். ஆகவே இரண்டு ரிட்டர்ன்: வீடு இருக்கும் மாநிலத்தில் நான்-ரெசிடென்ட் ரிட்டர்ன், குடியிருக்கும் மாநிலத்தில் ரெசிடென்ட் ரிட்டர்ன்.

நியூ யார்க்கில் நான்-ரெசிடென்ட் படிவம் ஐடி-203. நியூ ஜெர்சியில் என்ஜே-1040என்ஆர். கலிஃபோர்னியாவில் 540என்ஆர். வட கரோலினாவில் எல்லோருக்கும் டி-400தான், நான்-ரெசிடென்ட் அதோடு ஷெட்யூல் பிஎன் சேர்க்க வேண்டும். இல்லினாயில் ஐஎல்-1040 உடன் ஷெட்யூல் என்ஆர். பென்சில்வேனியாவில் பிஏ-40 ஒன்றேதான், மேலே நான்-ரெசிடென்ட் என்று குறித்தால் போதும்.

பெரும்பாலான மாநிலங்களில் கடைசி நாள் ஏப்ரல் 15. விர்ஜீனியாவுக்கு மே 1. எக்ஸ்டென்ஷன் வாங்கினால் படிவம் அனுப்பத்தான் கூடுதல் அவகாசம். பணம் கட்டும் தேதி மாறாது.

வருடத்துக்கு 6,000 டாலர்தான் மிச்சம். இதற்கெல்லாம் வரி வருமா?

வரும். பல மாநிலங்கள் அந்த 6,000 டாலரை மட்டும் தனியாக எடுத்து வரி போடுவதில்லை. உங்கள் மொத்த வருமானத்துக்கும் ரெசிடென்ட் போல வரி கணக்கிட்டு, அதில் அந்த மாநிலத்துப் பங்கு எவ்வளவோ அதை மட்டும் வாங்கும். நியூ யார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா மூன்றும் இப்படித்தான்.

டெக்சஸில் குடியிருக்கும் தனிநபர் ஒருவருக்குச் சம்பளம் 180,000 டாலர், நியூ யார்க் வீட்டில் செலவு போக வாடகை 6,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த 6,000 மட்டும்தான் வருமானம் என்றால் வருமானத்தில் தானாகக் கழியும் நியூ யார்க்கின் 8,000 டாலர் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனுக்குள் அடங்கிவிடும், வரி பூஜ்யம். ஆனால் கணக்கு 186,000-க்குப் போடப்படுகிறது. சராசரி விகிதம் 5.7 சதவீதத்தை ஒட்டி வரும். ஆக, 6,000-க்கு ஏறக்குறைய 340 டாலர். வரம்புக்குக் கீழே இருக்கிறோம் என்று நினைத்து ஃபைல் செய்யாமல் விடுபவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். ரிட்டர்ன் போட வேண்டுமா என்ற வரம்பைக்கூட நியூ ஜெர்சி உங்கள் எல்லா மாநில வருமானத்தையும் சேர்த்தே பார்க்கிறது: தனிநபருக்கு 10,000, தம்பதியாக ஃபைல் செய்தால் 20,000 டாலர்.

அப்படியானால் ஒரே வாடகைக்கு இரண்டு மாநிலத்திலும் வரியா?

முதலில் இரண்டு இடத்திலும் கணக்கு வரும். பிறகு குடியிருக்கும் மாநிலம், வெளி மாநிலத்தில் கட்டியதற்குக் கிரெடிட் (வரியிலிருந்தே நேரடிக் கழிவு) தரும். இதற்கான படிவம் நியூ ஜெர்சியில் ஷெட்யூல் என்ஜே-சிஓஜே, நியூ யார்க்கில் ஐடி-112-ஆர், கலிஃபோர்னியாவில் ஷெட்யூல் எஸ், விர்ஜீனியாவில் ஷெட்யூல் ஓஎஸ்சி.

கிரெடிட்டுக்கு உச்சவரம்பு உண்டு. வெளி மாநிலத்தில் உண்மையில் கட்ட வேண்டிய வரி ஒன்று, அதே வருமானத்துக்கு உங்கள் மாநிலம் போடும் வரி இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும்.

நியூ ஜெர்சிவாசி ஒருவருக்குப் பென்சில்வேனியாவில் வாடகை வீடு, செலவு போக 10,000 டாலர். பென்சில்வேனியாவின் விகிதம் ஒரே சீராக 3.07 சதவீதம், ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடையாது. ஆக அங்கே 307 டாலர். நியூ ஜெர்சியில் மொத்த வருமானம் 160,000, அதற்கு வரி 6,400 என்று கொள்வோம். 10,000 என்பது 160,000-இல் 6.25 சதவீதம், எனவே உச்சவரம்பு 400. குறைவானது 307. அதுவே கிரெடிட். மீதி 93 டாலர் நியூ ஜெர்சிக்கே.

இதையே திருப்பிப் போடுங்கள். குடியிருப்பது பென்சில்வேனியா, வீடு நியூ ஜெர்சி, அங்கே அந்த 10,000-க்கு 400 டாலர் வரி. பென்சில்வேனியா 307 மட்டும் கிரெடிட் தரும், மிச்ச 93-ஐ யாரும் திருப்பித் தரமாட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் இரண்டு விகிதங்களில் உயர்ந்ததைக் கட்டியதாகத்தான் முடியும்.

எந்த ரிட்டர்னை முதலில் செய்ய வேண்டும்?

முதலில் ஃபெடரல், அதில் வாடகைக் கணக்குக்கான ஷெட்யூல் ஈ சரியாக முடிந்திருக்க வேண்டும். அடுத்து வீடு இருக்கும் மாநிலத்தின் நான்-ரெசிடென்ட் ரிட்டர்ன். கடைசியில்தான் குடியிருக்கும் மாநிலம். டர்போடாக்ஸ் போன்ற மென்பொருளில் ரெசிடென்ட் மாநிலத்தை முதலில் முடித்துவிட்டால் கிரெடிட் பக்கத்தில் எடுத்துப்போட எண் இருக்காது. பலர் அங்கே பூஜ்யத்தோடு அனுப்பிவிடுகிறார்கள்.

கிரெடிட் பக்கத்தில் போட வேண்டியது வெளி மாநில ரிட்டர்னில் வரும் இறுதி வரித் தொகை. சம்பளத்துக்கு வரும் டபிள்யூ-2 படிவத்தின் 17-ஆம் பெட்டியில் இருக்கும் பிடித்தத் தொகையோ, நீங்களே முன்கூட்டி அனுப்பிய எஸ்டிமேட்டட் டாக்ஸோ அல்ல. 900 டாலர் பிடித்து, வரி 307 என்று முடிந்தால் கிரெடிட்டுக்கு எண் 307. மிச்சம் அந்த மாநிலத்திலிருந்தே ரீஃபண்டாக வரும். இந்த ஒரு பிழைக்காக மாநிலங்களிலிருந்து கடிதம் வருவது சகஜம். வெளி மாநில ரிட்டர்னின் முழு நகலைக் கையில் வைத்திருங்கள், கேட்பார்கள்.

வாடகைக்கு யாரும் வரி பிடிப்பதில்லை என்பதால் காலாண்டு எஸ்டிமேட்டட் டாக்ஸையும் பார்க்க வேண்டும். பிடித்தம் போகப் பாக்கி நியூ யார்க்கில் 300, நியூ ஜெர்சியில் 400, கலிஃபோர்னியாவில் 500 டாலர் தொட்டால் அந்தக் கவலை தொடங்குகிறது.

நான் இருப்பது டெக்சஸ். இங்கே வரியே இல்லையே?

டெக்சஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன், நெவாடா, டென்னசி போன்ற ஒன்பது மாநிலங்களில் சம்பளத்துக்கோ வாடகைக்கோ மாநில வருமான வரி கிடையாது. ஆனால் வீடு வரி உள்ள மாநிலத்தில் இருந்தால் அங்கே கட்டத்தான் வேண்டும், அதை ஈடுகட்ட டெக்சஸில் கிரெடிட்டும் இல்லை. மறுபக்கம், கலிஃபோர்னியாவில் குடியிருந்து டெக்சஸில் வாடகை வீடு வைத்திருப்பவருக்கு டெக்சஸ் ரிட்டர்ன் இல்லை, ஆனால் முழு வாடகையும் கலிஃபோர்னியாவில் வரிக்கு வரும். வரி இல்லாத மாநிலத்தில் வீடு வாங்கினால் வாடகைக்கு வரி இல்லை என்று ரியல் எஸ்டேட் முகவர்கள் சொல்வதைப் பாதி உண்மையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கலிஃபோர்னியாவாசிக்கு அரிசோனாவில் வீடு. கிரெடிட் தலைகீழ் என்கிறார்களே?

ஆம். அரிசோனா, ஆரகன், விர்ஜீனியா மூன்றுக்கும் கலிஃபோர்னியாவுடன் ஏற்பாடு வேறு. கிரெடிட்டைக் கலிஃபோர்னியா ரிட்டர்னில் கேட்கக் கூடாது, அந்த மாநிலத்தின் நான்-ரெசிடென்ட் ரிட்டர்னில் கேட்க வேண்டும். இங்கே மட்டும் வரிசை மாறும்: கலிஃபோர்னியா எண் முதலில் தயாராக வேண்டும்.

நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் ஒப்பந்தம் இருக்கிறதே, வாடகைக்கும் பொருந்துமா?

பொருந்தாது. குடியிருக்கும் மாநிலத்தில் மட்டும் வரி கட்டினால் போதும் என்ற அந்த ஏற்பாடு சம்பளத்துக்கு மட்டும். வாடகையும் வீடு விற்ற லாபமும் அதில் வராது. மேரிலாந்து, விர்ஜீனியா, வாஷிங்டன் டிசி ஆகியவற்றுக்கு இடையே உள்ளதும் அப்படியே. வீடு பிலடெல்ஃபியா நகர எல்லைக்குள் இருந்தால் மாநிலத்துக்கு அப்பால் நகரத்துக்கும் தனி வரிப் படிவங்கள் உண்டு, வாடகை உரிமமும் எடுக்க வேண்டும்.

வாடகையில் நட்டம்தான். ஃபைல் செய்யாமல் விடலாமா?

விடாதீர்கள். தேய்மானத்தைக் கழித்தால் பெரும்பாலான வீடுகள் முதல் சில ஆண்டுகள் தாளில் நட்டத்தில்தான் இருக்கும். நிலத்தின் மதிப்பை நீக்கிக் கட்டட மதிப்பை 27.5 ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிப்பது விதி. ஃபெடரலில் 25,000 டாலர் வரை நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கும் சலுகை வருமானம் 100,000 தாண்டும்போது குறையத் தொடங்கி 150,000-இல் மறைந்துவிடும். இரண்டு ஐடி சம்பளம் வரும் குடும்பத்துக்கு அது கிடைக்காது. நட்டம் 8582 படிவத்தில் சேர்ந்துகொண்டே போய், வீட்டை விற்கும் ஆண்டில் மொத்தமாகக் கை கொடுக்கும். வீடு இருக்கும் மாநிலத்திலும் அது கை கொடுக்க வேண்டுமானால் அந்த மாநில ரிட்டர்னிலும் ஆண்டுதோறும் ஏறியிருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து விற்கும்போது எடுத்துக்காட்டத் தாள் வேண்டுமல்லவா?

நியூ ஜெர்சியும் பென்சில்வேனியாவும் வாடகை நட்டத்தைச் சம்பளத்திலிருந்து கழிக்க விடுவதே இல்லை. முதல் ஆண்டிலேயே பெரும்பகுதியைக் கழிக்கும் போனஸ் தேய்மானத்தைக் கலிஃபோர்னியா ஏற்பதில்லை. ஆக ஃபெடரலில் 4,000 நட்டம் காட்டும் அதே வீடு மாநில ரிட்டர்னில் 1,500 லாபம் காட்டலாம். ஃபெடரல் எண்ணை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள்.

தேய்மானம் கழிக்காமல் விட்டால் விற்கும்போது நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. தவறு. கழித்திருந்தாலும் இல்லாவிட்டாலும் கழித்திருக்க வேண்டிய தொகைக்கு விற்பனையின்போது வரி உண்டு.

இரண்டு மாநிலத்திலும் வீடு, இரண்டிலும் தங்குகிறேன். எந்த மாநிலத்து ரெசிடென்ட்?

முதல் கேள்வி டொமிசைல்: எங்கே போனாலும் திரும்பி வரும் உங்கள் நிரந்தர வீடு எது என்பது. ஓட்டுநர் உரிமம், கார் பதிவு, பிள்ளைகள் பள்ளி, குடும்பம் இருக்கும் இடம் எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். ஃபுளோரிடாவில் வீடு வாங்கி உரிமத்தை மட்டும் மாற்றிவிட்டு, மனைவியும் பிள்ளைகளும் நியூ ஜெர்சியின் எடிசனிலேயே இருந்தால் நியூ ஜெர்சி நம்பாது.

டொமிசைல் வெளியே இருந்தாலும் நியூ யார்க்கும் நியூ ஜெர்சியும் இன்னொரு வழியில் பிடிக்கும்: அங்கே உங்களுக்கு நிரந்தர வீடு இருந்து, 183 நாளுக்கு மேல் அந்த மாநிலத்தில் இருந்தால் ரெசிடென்ட். நியூ யார்க்கில் ஒரு நாளின் சிறு பகுதி இருந்தாலும் முழு நாள் கணக்கு. காலையில் மன்ஹாட்டன் அலுவலகம் வந்து மாலையில் கனெக்டிகட்டின் ஸ்டாம்ஃபோர்டு திரும்பினால் அது ஒரு நியூ யார்க் நாள். கனெக்டிகட்டில் குடியிருந்து தினமும் நியூ யார்க்கில் வேலை செய்பவர் குயின்ஸில் தன் உபயோகத்துக்கு ஒரு அபார்ட்மென்ட் வைத்திருந்தால் சிக்கல் அங்கே தொடங்குகிறது. சம்பளத்துக்குக் கிரெடிட் கிடைத்துவிடும்; வட்டி, டிவிடெண்ட், பங்கு லாபம் போன்றவற்றுக்கு இரண்டு மாநிலமும் முழு வரி கேட்டு, கிரெடிட் கிடைக்காமல் போகக்கூடும்.

அந்த அபார்ட்மென்ட்டை முழுதாக வாடகைக்கு விட்டு, நீங்கள் தங்க வழியே இல்லையென்றால் அது உங்கள் இருப்பிடமாகாது. பெற்றோருக்காக வாங்கிய வீட்டுக்கு 2014-இல் நியூ யார்க் உச்ச நிலை நீதிமன்றம் தந்த தீர்ப்பு இருக்கிறது. நியூ ஜெர்சிவாசியான கெய்ட் என்பவர் ஸ்டேட்டன் ஐலண்டில் தன் பெற்றோரைக் குடிவைத்த வீடு அது. வீடு சொந்தமாக இருந்தால் மட்டும் போதாது, உரிமையாளர் அதைத் தன் வசிப்பிடமாகவும் கொண்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஆனாலும் அங்கே உங்களுக்கென்று ஓர் அறை, அலமாரி நிறைய உடுப்பு, நினைத்த நேரம் வந்து தங்கும் வழக்கம் எல்லாம் இருந்தால் இந்தத் தீர்ப்பை நம்பிக் கண்ணை மூடாதீர்கள். செல்போன் பதிவு, ஈ-இசட்பாஸ் சுங்கச்சாவடிப் பதிவு, கார்டு செலவு மூன்றையும் வைத்துத்தான் தணிக்கையில் நாளை எண்ணுவார்கள். எங்கே இருந்தீர்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

ஃபுளோரிடா வீட்டிலிருந்து நியூ யார்க் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். சம்பளம்?

உங்கள் வசதிக்காக வெளியே இருந்து வேலை செய்தால் அதை நியூ யார்க் தன் வருமானமாகவே பார்க்கும். கம்பெனியின் தேவைக்காகத்தான் அங்கே இருக்கிறீர்கள் என்று காட்ட முடிந்தால் தவிர, ஐடி-203 தொடரும்.

கணவர் கலிஃபோர்னியா, மனைவி டெக்சஸ் வீட்டில். ஃபெடரலில் இருவரும் சேர்ந்து ஜாயின்ட் ரிட்டர்ன். மாநிலத்தில்?

நியூ ஜெர்சி, நியூ யார்க் இரண்டும் ஒருவர் ரெசிடென்ட், மற்றவர் நான்-ரெசிடென்ட் என்றால் ஃபெடரலில் ஜாயின்ட்டாக இருந்தாலும் தனித்தனியாக ஃபைல் செய்ய விடுகின்றன. கலிஃபோர்னியா, நான்-ரெசிடென்ட் துணைக்குக் கலிஃபோர்னியா வருமானம் எதுவும் இல்லாவிட்டால் மட்டுமே விடும். இதில் ஒரு பொறி உண்டு. டெக்சஸ் கம்யூனிட்டி ப்ராபர்ட்டி மாநிலம், அதாவது தம்பதியின் சம்பாத்தியம் இருவருக்கும் பாதிப் பாதி. கலிஃபோர்னியாவில் வேலை செய்யும் கணவரின் டொமிசைல் டெக்சஸ் என்றால் அவர் சம்பளத்தில் பாதி மனைவியின் வருமானம், அதாவது மனைவிக்கும் கலிஃபோர்னியா வருமானம் வந்துவிட்டது. அப்புறம் தனி ரிட்டர்ன் வழி அடைபட்டுவிடும்.

வீட்டை விற்கப் போகிறேன். என்ன எதிர்பார்க்கலாம்?

லாபம் முழுவதும் வீடு இருக்கும் மாநிலத்தில் வரிக்கு வரும், நீங்கள் அங்கிருந்து போய் எத்தனை வருடம் ஆனாலும். அந்த ஆண்டுக்கு நான்-ரெசிடென்ட் ரிட்டர்ன் கட்டாயம். குடியிருக்கும் மாநிலத்திலும் காட்டிக் கிரெடிட் எடுக்க வேண்டும்.

அதற்கு முன், விற்பனை முடியும் குளோசிங் மேசையிலேயே பிடித்தம் நடக்கும். நியூ ஜெர்சியில் ஜிஐடி/ஆர்இபி-1 படிவத்தோடு லாபத்தின் மீது 10.75 சதவீதம், ஆனால் விற்ற விலையில் 2 சதவீதத்துக்குக் குறையாமல். அது இல்லாமல் பத்திரம் பதிவாகாது. மக்கள் இதை எக்ஸிட் டாக்ஸ் என்று திட்டுகிறார்கள். உண்மையில் இது முன்பணம்தான், அடுத்த ஆண்டு என்ஜே-1040என்ஆர் போட்டால் கணக்கு தீர்ந்து மீதி வரும். கலிஃபோர்னியாவில் படிவம் 593, விலையில் மூன்றே கால் சதவீதத்துக்குச் சற்று மேல், துல்லியமாக 3.33. வீடு 900,000 டாலருக்கு விற்றால் சுமார் 30,000 பிடிபடும், லாபம் 40,000 மட்டுமே என்றாலும். அதே படிவத்தில் லாபத்தின் மீது கணக்கிடும் மாற்று வழி இருக்கிறது, விற்பனைப் பணத்தைக் கையாளும் எஸ்க்ரோ அதிகாரியிடம் குளோசிங்குக்கு முன்பே சொல்ல வேண்டும். ஜார்ஜியாவில் 3 சதவீதம், நியூ யார்க்கில் ஐடி-2663.

மாறிப் போனவர்கள் கவனிக்க வேண்டிய கெடு ஒன்று உண்டு. விற்கும் தேதிக்கு முந்தைய 5 ஆண்டுகளில் 2 ஆண்டு அதில் குடியிருந்திருந்தால் லாபத்தில் 250,000 டாலர் வரை, தம்பதிக்கு 500,000 வரை வரி இல்லை. அதாவது வெளியேறி வாடகைக்கு விட்ட பிறகும் மூன்று ஆண்டுக்குள் விற்றால் சலுகை கிடைக்கும். வாடகைக் காலத்துத் தேய்மானத்துக்கு மட்டும் வரி உண்டு. இந்தச் சலுகை உள்ளவர்கள் நியூ ஜெர்சியில் ஜிஐடி/ஆர்இபி-3 கொடுத்துப் பிடித்தத்தையே தவிர்க்கலாம். மூன்று ஆண்டும் ஒரு மாதமும் கழித்து விற்று முழுச் சலுகையையும் இழந்தவர்கள் ஏராளம். வாடகைக்காரர் ஒப்பந்தம் முடியும் தேதியை இதை வைத்தே எழுதுங்கள்.

கலிஃபோர்னியா வீட்டை, லாபத்துக்கான வரியைத் தள்ளிவைக்கும் 1031 பரிமாற்றத்தில் வெளி மாநில வீட்டுக்கு மாற்றினால் படிவம் 3840-ஐ ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும், தள்ளிவைத்த லாபத்தைக் கலிஃபோர்னியா மறப்பதில்லை.

சொத்து வரி, அடமான வட்டி கழிவு?

சொந்த உபயோகத்து இரண்டாவது வீடு என்றால் கழிவுகளைப் பட்டியலிடும் ஃபெடரல் ஷெட்யூல் ஏ-வில் சொத்து வரி, மாநில வரியோடு சேர்ந்து 40,000 டாலர் வரம்புக்குள். வருமானம் 500,000 தாண்டினால் அந்த வரம்பு குறையும். வட்டி, இரண்டு வீட்டுக் கடனும் சேர்த்து 750,000 வரை. வாடகை வீடு என்றால் எல்லாமே ஷெட்யூல் ஈ-யில், அந்த வரம்புகள் இல்லை. நியூ ஜெர்சியின் 15,000 டாலர் சொத்து வரிக் கழிவு அங்கே நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும்.

நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் சொத்து வரிச் சலுகை ஒரே வீட்டுக்குத்தான். ஃபுளோரிடாவில் தகுதியின்றி வாங்கியது தெரிந்தால் 10 ஆண்டு வரை பின்னோக்கிப் போய், விட்டுப்போன வரியோடு 50 சதவீத அபராதமும் ஆண்டுக்கு 15 சதவீத வட்டியும் போடுவார்கள்.

வீட்டை எல்எல்சி என்ற தனி நிறுவனத்தின் பெயரில் வைத்தால் மாநில வரி மிச்சமாகுமா?

ஆகாது. கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து டெக்சஸ் எல்எல்சியை நடத்தினால் கலிஃபோர்னியாவுக்கு ஆண்டுக்கு 800 டாலர் கூடுதல் செலவு, அவ்வளவுதான்.

சென்னை வீட்டு வாடகையையும் மாநிலத்தில் காட்ட வேண்டுமா?

மாநில வருமான வரி உள்ள இடத்தில் ரெசிடென்ட் என்றால் காட்ட வேண்டும். இந்தியாவில் தானாகக் கிடைக்கும் 30 சதவீதக் கழிவு இங்கே இல்லை. உண்மைச் செலவும் தேய்மானமும்தான், அதுவும் வெளிநாட்டு வீட்டுக்கு 30 ஆண்டு, 2018-க்கு முன்பே வாடகைக்கு விட்டதென்றால் 40 ஆண்டு. இந்தியாவில் கட்டிய வரிக்கு ஃபெடரலில் கிரெடிட் உண்டு. கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் வெளிநாட்டு வரிக்குக் கிரெடிட் தருவதில்லை.

இந்தியாவுக்கே திரும்பிவிட்டேன், நியூ ஜெர்சி வீடு வாடகையில்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவர் என்றால் ஃபெடரலில் நான்-ரெசிடென்ட் ஏலியன். சும்மா இருந்தால் மொத்த வாடகையில் 30 சதவீதம் போய்விடும். 1040-என்ஆர் உடன், வாடகையைத் தொழில் வருமானமாகக் கருதச் சொல்லும் 871(டி) தேர்வை இணைத்து, அதைத் தெரிவிக்கும் டபிள்யூ-8ஈசிஐ படிவத்தைப் பராமரிப்பு நிறுவனத்துக்குக் கொடுத்தால் செலவு போக மிச்சத்துக்கு மட்டும் வரி. ஆண்டுகள் கழித்துச் சாவகாசமாக ஃபைல் செய்தால் செலவுகளைக் கழிக்கும் உரிமையே போய்விடக்கூடும். என்ஜே-1040என்ஆர் தனியாக உண்டு. விற்கும்போது, வெளிநாட்டவர் சொத்து விற்பனைக்கான ஃபர்ப்டா விதிப்படி பொதுவாக விலையில் 15 சதவீதம் ஃபெடரலுக்கும், அதற்கு மேல் நியூ ஜெர்சி பிடித்தமும். உண்மை வரி குறைவு என்றால் குளோசிங்குக்கு முன்போ அன்றோ 8288-பி அனுப்பிக் குறைக்கக் கேட்கலாம். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தம் ஃபெடரல் வரியைத்தான் குறிப்பிடுகிறது. மாநில வரி அதில் இல்லை என்பதை உங்கள் ஆடிட்டருக்கு நினைவூட்டுங்கள்.

நான்கைந்து வருடமாக வெளி மாநிலத்தில் ஃபைல் செய்யவே இல்லை. இப்போது?

ரிட்டர்ன் போடாத ஆண்டுக்குக் காலாவதி கிடையாது. ஃபெடரல் தகவலும் கவுன்டி பத்திரப் பதிவும் மாநிலத்தின் கைக்கு எட்டும். கடிதம் வருமுன் நீங்களாகப் போனால் பல மாநிலங்களில் வாலன்டரி டிஸ்க்ளோஷர் திட்டம் உண்டு, அபராதம் குறையும் அல்லது தள்ளுபடியாகும், பின்னோக்கிக் கேட்கும் ஆண்டுகளுக்கும் எல்லை வைப்பார்கள். கடிதம் வந்த பிறகு அந்த வாசல் பெரும்பாலும் மூடிவிடும்.

கூடவே குடியிருக்கும் மாநிலத்து ரிட்டர்ன்களைத் திருத்தி விட்டுப்போன கிரெடிட்டைக் கேளுங்கள். அங்கேதான் தாமதத்தின் விலை தெரியும்: ரீஃபண்ட் கேட்க நியூ ஜெர்சியிலும் நியூ யார்க்கிலும் பொதுவாக மூன்று ஆண்டு, கலிஃபோர்னியாவில் நான்கு. அதைத் தாண்டிய ஆண்டுகளுக்கு வெளி மாநிலம் வரியை வாங்கிக்கொள்ளும், உங்கள் மாநிலம் ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தராது. எனவே ஏப்ரல் நெருங்குகிறது என்றால் முதலில் காலாவதியாகப் போகும் ஆண்டின் திருத்த ரிட்டர்னை அனுப்பிவிட்டு, மற்ற ஆண்டுகளை அதற்குப் பிறகு எடுங்கள்.